மூழ்கியவனும் கரையேறியவனும்

குடியை நிறுத்தட்டும் என்று கொண்டுபோய்ச் சேர்த்தவர் பிணமாகத் திரும்புவது தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தியல்ல. 2022இல் சென்னையில் போதை மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்கே பதிவானது. 'அடித்தாவது திருத்த வேண்டாமா?' என்று கேட்பவர்கள் கொடியவர்கள் அல்லர். தாலியை அடகுவைத்துச் சலித்துப்போன வீட்டார். அவர்கள் துயரம் பெரிது. ஆனாலும் அடி மருந்தாகாது. குடிநோயாளிக்கு நாம் தரவேண்டியது, குடித்து மீண்ட இன்னொருவரின் துணை.

கள்ளுண்ணாமை அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களைச் சேர்த்துப் படிக்க வேண்டும். போதையில் இருப்பவனுக்குக் காரணம் சொல்லித் தெளிவிக்கப் பார்ப்பது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போன்றது என்கிறது முன்னது. தான் தெளிந்திருக்கும் வேளையில் குடித்தவனைக் காண்பவன், தன் சோர்வை நினைத்துப் பார்க்கமாட்டானா என்று கேட்கிறது பின்னது. உபதேசம் எட்டாத நெஞ்சை, தன்னைப் போன்ற ஒருவனின் முகம் எட்டும். மருந்து அதிகாரத்திலோ நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பார்ப்பவனையும் சேர்த்துத்தான் மருத்துவம் என்கிறார் வள்ளுவர். காவல்காரனுக்கு அங்கே இடமில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றியவள் மணிமேகலை; நாமோ மறுவாழ்வு இல்லத்தைச் சிறையாக்குகிறோம்.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகருக்கு வந்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆனவர். வந்த காரியம் தோற்றது. தங்கிய விடுதியின் மதுக்கூடம் இழுத்தது. அப்போது அவர் தொலைபேசியில் தேடியது, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியை. கிடைத்தவர் பாப் ஸ்மித். அறுவை மருத்துவர்; ஆனால் மருத்துவப் படிப்பு அவரைக் குடியிலிருந்து காக்கவில்லை. இருவரும் பேசிய பேச்சிலிருந்துதான் குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கம் பிறந்தது. 27 ஆய்வுகளைத் தொகுத்த கொக்ரேன் மருத்துவ ஆய்வமைப்பின் 2020ஆம் ஆண்டு அறிக்கை, ஏ.ஏ.வோடு இணைக்கும் சிகிச்சை, குடிக்காமல் நீடிக்கச் செய்வதில் மற்ற முறைகளுக்குக் குறைந்ததல்ல, பலவேளை மேலானது என்றது.

குடியை நிறுத்திய முதல் நாட்களில் கை நடுங்கும், வலிப்பும் வரலாம். அப்போது டாக்டர் கட்டாயம் வேண்டும். அதில் வாதமில்லை. அதற்குப் பின் வரும் நெடிய நாட்களுக்கு யார்? அரசு மருத்துவமனைகளில் டாக்டரின் பக்கத்தில் மீண்டவர் ஒருவருக்கும் நாற்காலி போட வேண்டும், பயிற்சியும் சம்பளமும் தர வேண்டும். வீடு திரும்பும் மாலையில், டாஸ்மாக் கடையைத் தாண்டி நடக்கும்போது, அவருடைய கைப்பேசி எண் நோயாளியின் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.