பழைய புத்தகத்துக்குப் புது முன்னுரை

1886-இல் லைப்சிக் பதிப்பாளர் ஃப்ரிட்ஷ், விற்காமல் முடங்கிக் கிடந்த ஜெர்மன் தத்துவஞானி நீட்ஷேயின் பழைய நூல்களை இன்னொரு பதிப்பாளரிடமிருந்து வாங்கினார். அவற்றை மறுபடியும் கடைக்கு அனுப்ப வேண்டும். 'துன்பியலின் பிறப்பு' அவற்றில் ஒன்று. 1872-இல், தத்துவஞானி ஷோப்பன்ஹவரும் இசையமைப்பாளர் வாக்னரும் தலைக்கேறியிருந்த இருபத்தேழு வயதில் நீட்ஷே வெளியிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் இருவரையும் விட்டு அவர் வெகுதூரம் விலகிவிட்டார். நூலைத் திருத்தி எழுதியிருக்கலாம், வேண்டாமென்று ஒதுக்கியும் இருக்கலாம். இரண்டும் செய்யாமல் 'சுயவிமர்சனத்துக்கு ஒரு முயற்சி' என்று ஒரு முன்னுரையை முன்னால் சேர்த்தார்.

நடை கனக்கிறது, உவமைகள் தறிகெட்டு ஓடுகின்றன, புதிதாகக் கண்டதை அடுத்தவர் சொற்களில் சொல்லிக் கெடுத்திருக்கிறது என்று அதில் தன் நூலையே சாடுகிறார். வேறொருவர் எழுதியிருந்தால் பகைமை என்றுதான் நினைப்போம். ஆனால் நூல் எழுப்பிய கேள்வியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

பழைய கருத்தை எதிர்கொள்ள நம்மிடையே இரண்டு வழிகள்தான் நடப்பில் இருக்கின்றன. நான் மாறவே இல்லை என்று சாதிப்பது ஒன்று, அது நான் அறியாத வயது என்று கைகழுவுவது மற்றொன்று. முன்னுரை எழுதுவது மூன்றாவது வழி. நீட்ஷேயை ஆண்டு வரிசையில் படிக்கும் ஆசையை எனக்கு உண்டாக்கியது அதுதான்.

வரிசையாகப் படிப்பவருக்கு ஒரு வரைபடம் தயாராகவே இருக்கிறது. நீட்ஷே சித்தம் கலங்கி உயிரோடிருந்த 1894-இலேயே அவருடைய முன்னாள் தோழி லூ சலோமே அவர் சிந்தனையை மூன்று காலகட்டங்களாகப் பிரித்துக் காட்டிவிட்டார். இன்றும் பாடப்புத்தகங்களில் ஏறக்குறைய அதே பிரிவுதான். மாணவர்களுக்கு வசதி, ஆனால் குறிப்பேடுகளைத் திறந்தால் கோடுகள் கலைகின்றன. வாக்னரைப் போற்றும் நூல் 1876-இல் வருகிறது. 1874-ஆம் ஆண்டுக் குறிப்புகளிலோ வாக்னர் மீது கூர்மையான விமர்சனம் ஏற்கெனவே இருக்கிறது. மாற்றம் உள்ளே நடக்கும் நாள் ஒன்று, ஊரறியும் நாள் வேறொன்று. இடைப்பட்ட அந்த இரண்டு ஆண்டுகளை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நேசித்த ஒருவரிடமிருந்து விலகுகிறவன் கொஞ்ச காலம் இரண்டு இடத்திலும்தான் நிற்பான்.

குறிப்புகளிலிருந்து தேதியைப் பிடுங்கிவிட்டால் இதெல்லாம் காணாமல் போகும். அவருடைய தங்கை எலிசபெத்தின் ஏற்பாட்டில் 1901-இல் வந்து, 1906-இல் 1067 துண்டுகளாகப் பெருத்த 'அதிகாரத்துக்கான விழைவு' அப்படிப்பட்ட நூல். தலைப்பு நீட்ஷே திட்டமிட்டுக் கைவிட்டது. பல ஆண்டுக் குறிப்புகள் பொருள்வாரியாகக் கலந்து கோக்கப்பட்டன. எழுதிப் பார்த்து ஒதுக்கியவையும், பிறர் நூல்களிலிருந்து படியெடுத்த வரிகளும்கூட அவருடைய முடிந்த முடிபுகள்போல அச்சேறின. இத்தாலியரான மசினோ மோன்தினாரி 1961-இல் வைமர் ஆவணக் காப்பகத்துக்குப் போய், கடைசிப் பக்கத்திலிருந்தும் முன்னோக்கி எழுதும் பழக்கமுள்ள மனிதரின் கையெழுத்தோடு மல்லாடி அந்தக் குறிப்புகளைக் கால வரிசைக்கு மீட்டார். அவரும் ஜார்ஜோ கொல்லியும் சேர்ந்து கொண்டுவந்த பதிப்பு 1967 முதல் வெளிவந்தது. தத்துவ உலகில் இதைவிட நன்றிக்குரிய குமாஸ்தா வேலை ஒன்றை நான் அறியேன்.

ஆனால் தேதிகளைக் கலைத்ததில் தங்கை மட்டும் குற்றவாளி இல்லை. 1886-இன் மற்றொரு முன்னுரையில் நீட்ஷே, தன் நூல்கள் தான் கடந்து வந்ததையே பேசுகின்றன, ஒன்றைத் தவிர மற்றவற்றை முன்தேதியிட்டுத்தான் படிக்க வேண்டும் என்கிறார். வாக்னர் நூலும் உண்மையில் விடைபெறல்தானாம். 1874-ஆம் ஆண்டுக் குறிப்புகள் இருப்பதால் இதை ஓரளவு ஏற்கலாம். இரண்டு ஆண்டு கழித்து, 'இதோ மனிதன்' நூலில், அந்த வாக்னர் நூலில் வாக்னர் பெயர் வரும் இடங்களில் தயங்காமல் தன் பெயரையோ தன் நூல்நாயகன் ஜரதுஷ்டிரன் பெயரையோ போட்டுப் படிக்கலாம் என்று சொல்லிவிடுகிறார். இங்கே நான் நின்றுவிடுகிறேன். முதல் முன்னுரையில் பழைய ஆளைத் திட்டினாலும் அவனுக்கு இடம் விட்டார். இங்கே அவனுடைய பக்தியையும் பறித்துத் தனக்கே சூட்டிக்கொள்கிறார். 1876-ஆம் ஆண்டு நூலை நான் வாக்னரைப் பற்றிய நூலாகவே படிக்கிறேன்.