தேன் அறையும் புழு அறையும்

சித்திரை மாதத்து விடியற்காலையில் பூசணிப் பூ மலர்வதைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறப்பதில்லை. இருள் பிரியும் வேளையில் மஞ்சள் இதழ்கள் விரிகின்றன. வெயில் ஏறி நண்பகல் ஆவதற்குள் சுருங்கிவிடுகின்றன. பெண் பூவுக்கு வாய்த்திருப்பது அந்தச் சில மணி நேரம் மட்டுமே. அதற்குள் ஆண் பூவின் மகரந்தம் அதனிடம் வந்து சேர வேண்டும். சேராவிட்டால், பூவின் அடியிலிருக்கும் பிஞ்சு சில நாள்களில் மஞ்சளித்து உதிர்ந்துவிடும். மகரந்தத்தைச் சுமந்துவருவது பெரும்பாலும் தேனீதான். கூலி கேட்காத இந்தத் தூதரை நம்பியே பூசணியும் வெள்ளரியும் பாகலும் காய்க்கின்றன.

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ள அருள்புரத்தை அறிந்தவர்கள், இங்கே தோட்டமும் தேனீயுமா என்று வியக்கக்கூடும். பனியன் கம்பெனிகளும், அவற்றில் உழைப்போர் குடியிருக்கும் லைன் வீடுகளும், ஓயாத வாகன இரைச்சலுமாக விளங்கும் ஊர் இது. ஆயினும் எங்கள் வீட்டின் பின்புறம் ஆறு சென்ட் நிலம் உண்டு. வெண்டை, கொத்தவரை, கத்தரி, மிளகாய், பாகல், பூசணி, வேலியோரம் இரண்டு முருங்கை, ஒரு வேம்பு. இவற்றின் நடுவே தென்னை நிழலில் ஒரு தேனீப் பெட்டி. இந்தச் சிறிய உலகம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில் எங்களிடம் எழுப்பிய கேள்வியையே இங்கே வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம். பிறர் உழைத்துச் சேர்த்ததில் நமக்கு உரியது எவ்வளவு? அதை யார் முடிவு செய்வது?

நம் நாட்டில் மலைத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ எனப் பல வகைத் தேனீக்கள் உண்டு. மரப்பொந்துகளில் அடுக்கடுக்காக அடை கட்டும் இயல்புடைய இந்தியத் தேனீயே நம் பக்கத்துப் பெட்டிகளில் பெரும்பாலும் வளர்வது. அதற்கு ஏற்ற சிறிய பெட்டியை 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளியில் உருவாக்கி, சிற்றூர் மக்களுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்பித்தவர் கத்தோலிக்கக் குருவான நியூட்டன் அடிகளார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. அதற்கும் முன்னர், 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்னும் மற்றொரு சமயப் போதகர் ஓர் உண்மையைக் கண்டறிந்திருந்தார். அடைகளுக்கிடையே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான இடைவெளி விட்டால், தேனீக்கள் அதை மெழுகால் அடைக்காமல் தம் நடைபாதையாகவே காக்கும் என்பதே அது. சட்டங்களைத் தனித்தனியே வெளியே எடுத்து மீண்டும் வைக்க வழி பிறந்தது அதனால்தான்.

இதைத் தொழில் நுணுக்கம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். அதற்குமுன் தேன் எடுப்பது என்பது பெரும்பாலும் குடும்பத்தையே அழிப்பதாக இருந்தது. ஐரோப்பாவில் கந்தகப் புகையிட்டுத் தேனீக்களைக் கொன்று தேனை எடுத்தனர். நம் ஊரில் தீப்பந்தத்தால் விரட்டி, புழுவும் தேனுமாக அடையை அறுத்தனர். நியூட்டன் பெட்டியிலோ கீழே புழு அறை, மேலே தேன் அறை என இரண்டு உண்டு. கீழறையில் இராணி முட்டையிடுகிறது; அங்கே குஞ்சுகள் வளர்கின்றன. அவற்றுக்கான தேனும் மகரந்தமும் அதே அடைகளின் மேற்பகுதியில் சேமிக்கப்படுகின்றன. பூக்காலத்தில் வரவு மிகும்போது மேலறை நிரம்புகிறது. மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்துச் சுழற்றித் தேனைப் பிரித்துவிட்டு, வெற்றடையைத் திரும்ப வைத்துவிடலாம். கொல்லாமல் எடுக்கலாம் என்பதைப் பெட்டி கற்றுக்கொடுத்தது. ஆனால் எவ்வளவு எடுக்கலாம் என்பதைப் பெட்டி சொல்வதில்லை. அதை எடுப்பவரின் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறது.

அந்தப் பங்குனியில் வேம்பும் முருங்கையும் நன்றாகப் பூத்திருந்தன. மேலறை நிறைந்தது. முறைப்படி எடுத்தோம். அத்தோடு நின்றிருக்க வேண்டும். ஆனால் உறவினர் இருவருக்குத் தேன் தருவதாகச் சொல்லியிருந்தோம், புட்டிகள் நிரம்பவில்லை. சித்திரை பிறந்ததும் கீழறையைத் திறந்தோம். சட்டங்களின் மேற்பகுதியில் மூடியிட்ட தேன் ஒளிர்ந்தது. "இவ்வளவு இருக்கிறதே, கொஞ்சம் எடுத்தால் என்ன?" என்று எங்களில் ஒருவர் கேட்க, மற்றவர் மறுக்கவில்லை. புழுக்களுக்குத் தீங்கு நேராமல் மேற்பகுதியை மட்டும் கவனமாக வெட்டி எடுத்தோம். பாவங்கள் பலவும் இப்படித்தான், மிகுந்த கவனத்தோடு செய்யப்படுகின்றன.

அதே நாள்களில் இன்னொன்றும் நடந்தது. எங்கள் பகுதியில் குடிநீர் வருவது பல நாள் இடைவெளிவிட்டு. கிணற்று நீர் உப்பு. அதை ஊற்றினால் செடியின் இலை விளிம்பு கருகும். எனவே கோடையில் லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் நிரப்பி, அதிலிருந்தே பாத்திகளுக்கு ஊற்றிவந்தோம். ஒருநாள் பக்கத்து லைன் வீட்டுப் பெண்கள் சிலர் குடத்தோடு வந்து, ஆளுக்கு ஒரு குடம் கிடைக்குமா என்று கேட்டார்கள். "செடிக்கே போதவில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர், எங்கள் தொட்டி, எங்கள் தோட்டம். சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதே அப்போது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு வாரம் கழிந்திருக்கும். வந்திருந்த பெண்களில் ஒருவர், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர், வேலியருகே நின்று கேட்டார்: "ஏம்மா, உங்க தேனீயெல்லாம் எங்கம்மா? ரெண்டு நாளாத் தண்ணி குடிக்க வரலியே?"

எங்களுக்குப் புரியவில்லை. அவர் தம் துவைகல்லின் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு மண்சட்டி, அதில் நீர், நீரின்மேல் தேங்காய் மட்டைத் துண்டுகள் மிதந்தன. "வாளியில விழுந்து விழுந்து சாகுதும்மா. வாயில்லாச் சீவன். அதான் ஏறி நின்னு குடிக்க மட்டையப் போட்டு வச்சேன்" என்றார்.

கோடையில் தேனீக்கள் நீரைத் தேடி அலைவதை நாங்கள் நூல்களில் படித்திருந்தோம். புழு அறையின் வெப்பம் ஏறத்தாழ 35 டிகிரி அளவில் இருக்க வேண்டும். வெளியே வெயில் கடுமையாகும்போது அவை நீரைக் கொணர்ந்து அடைமேல் தடவிச் சிறகால் விசிறிக் குளிர்விக்கின்றன. படித்திருந்தோமே தவிர, நீர் வைக்கவில்லை. தொட்டி நிறைய நீர் வைத்திருந்த எங்களிடமிருந்து அல்ல, நாளெல்லாம் குடம் சுமந்து நீர் சேர்த்த அந்தப் பெண்ணின் சட்டியிலிருந்தே எங்கள் தேனீக்கள் குடித்திருக்கின்றன.

ஓடிச்சென்று பெட்டியைத் திறந்தோம். வெற்றடைகள். இரண்டொரு எறும்பு வரிசை. ஓரத்தில் மெழுகுப் பூச்சியின் நூலாம்படை. குடும்பம் பெட்டியை விட்டுப் போயிருந்தது. உணவு குன்றி வெப்பமும் மிகுந்தால் இந்தியத் தேனீ இருப்பிடத்தைத் துறந்து பறந்துவிடும் இயல்புடையது. அது தன் மறுப்பைத் தெரிவிக்கும் முறை அதுவே.

இங்கே ஒரு பழைய வாதத்தை எண்ணிப்பார்ப்பது தகும். மாண்டவில் என்னும் மருத்துவர் 1714-இல் இலண்டனில் தேனீக்களைப் பற்றிய ஒரு நீதிக்கதை நூலை வெளியிட்டார். பேராசையும் ஆடம்பரமும் நிறைந்த ஒரு தேன்கூடு செழித்து வாழ்கிறது. ஒருநாள் எல்லாத் தேனீக்களும் நேர்மையாளராக மாறிவிட, வாணிகம் நின்று, கூடு நலிந்து, எஞ்சியவை ஒரு மரப்பொந்துக்குப் பறந்துபோகின்றன. தனிமனிதரின் தீய குணமே பொது நன்மைக்கு ஊற்று என்பது அவர் வாதம். அக்காலத்தில் பெரும் சினத்தைக் கிளப்பிய இவ்வாதம் இன்று பலருக்கு இயல்பான நடைமுறை அறிவாகவே தோன்றுகிறது. எங்கள் பெட்டியிலோ கதை நேர்மாறாக முடிந்தது. தேனீக்கள் பறந்துபோனது நேர்மையால் அன்று, எங்கள் ஆசையால்.

எங்கள் பெட்டியில் மட்டுமா? வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலப்பது நொய்யல். பாசனத்திற்கென அதன் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக் கழிவு நீரின் தேக்கமாக மாறியது. கீழே இருந்த வயல்களும் கிணறுகளும் கெட்டன. உழவர்கள் நெடுங்காலம் வழக்காடிய பின், 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு வந்த பின்னரே அவை இயங்க முடிந்தது. இடையில் வேலை இழந்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். இந்த ஊரின் தொழில் பல இலட்சம் பேருக்குச் சோறு போட்டிருக்கிறது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. அந்தச் சோற்றில் வளர்ந்தவர்களே நாங்களும். ஆனால் ஒரு காலத்தில் மேலறைத் தேனோடு நில்லாமல், ஆற்றின் புழு அறையிலும் கை வைத்தோம். இன்று எங்கள் கிணறு உப்பாக இருப்பது வெறும் இயற்கையின் குறும்பு அன்று.

அப்படியானால் தேனே எடுக்கக் கூடாதா? சிலர் அப்படிக் கருதுகின்றனர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. ஏனெனில் தேனீயின் கண்ணில் 'மிச்சம்' என்று ஒன்று இல்லை. மேலறைத் தேனும் அது பஞ்ச காலத்துக்கெனச் சேர்த்ததே. ஒரு பணித்தேனீ தன் சில வார வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்க்கும் தேன் ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. மிச்சம் என்று பெயர் சூட்டுவது எப்போதும் எடுப்பவரே.

ஆயினும் எடுக்கவே கூடாது என்பதோடு எங்களால் முழுதும் ஒத்துப்போக இயலவில்லை. செடி நட்டோம், பூ தந்தோம், நிழல் தந்தோம், எறும்பு ஏறாமல் பெட்டிக் காலுக்கு நீர்க்கிண்ணம் வைத்தோம். அவை எங்கள் பூசணியைக் காய்க்க வைத்தன. இது கொடுத்து வாங்கும் உறவு. உறவில் வாங்குவது இழுக்கன்று. ஆனால் உறவு பூக்காலத்தோடு முடிவதில்லை. நல்ல காலத்தில் பங்கு பெற்றவர், வறண்ட காலத்தில் பொறுப்பேற்க வேண்டும். பூ அற்ற நாளில் சர்க்கரைப் பாகு வைக்கவும், வெயிலில் நீர் வைக்கவும் மனமில்லாதவருக்குத் தேன் எடுக்கும் உரிமையும் இல்லை. எவ்வளவு எடுக்கலாம் என்னும் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த விடை ஓர் அளவு அன்று, ஒரு நிபந்தனை. பஞ்சத்தில் எவ்வளவு சுமக்க அணியமாக இருக்கிறோமோ, வளத்தில் அதற்கு மேல் எடுக்கலாகாது.

அறுவடை செய்வோர் வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காமல் ஏழைக்கும் அந்நியருக்கும் விட்டுவைக்க வேண்டும் என்று லேவியர் நூல் கட்டளையிடுகிறது. அதை இரக்கச் செயலாக மட்டும் நாம் படித்துவந்தோம். ஓரம் உழவனுடையதே அன்று என்பதுதான் அதன் பொருள் என்று இப்போது தோன்றுகிறது. தூய்மையான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று 2015-இல் வெளிவந்த தம் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதினார். அதைப் பாராட்டிப் பேசிய வீட்டின் தொட்டியிலிருந்துதான் அந்தப் பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

அவ்வாண்டு பூசணி குறைவாகவே காய்த்தது. பெட்டி ஓராண்டு வெறுமையாகக் கிடந்தது. பிறகு ஒரு புதிய குடும்பத்தை வாங்கிவைத்தோம். இப்போது பங்குனியில் மேலறையின் சட்டங்கள் எல்லாவற்றையும் எடுப்பதில்லை; கீழறையைத் தேனுக்காகத் திறப்பதே இல்லை. உறவினருக்குச் சில ஆண்டுகளில் தேன் கிடைப்பதில்லை. தொட்டியின் குழாய் ஒன்று வேலிக்கு வெளியே நீட்டப்பட்டிருக்கிறது. பாத்திகளில் இரண்டைக் கோடையில் தரிசாக விடுகிறோம். குழாய்க்குப் போகும் நீர் அந்த இரண்டு பாத்திகளின் நீர். இவை பெரிய செயல்கள் அல்ல என்பதை அறிவோம். காலம் கடந்தவை என்பதையும் அறிவோம்.

முதல் தேன் எடுத்த அன்று ஒரு சிறு புட்டியோடு லைன் வீட்டுக்குச் சென்றோம். அந்தப் பெண் அங்கில்லை. வேலை மாறிக் குடும்பத்தோடு வேறிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் இப்போது ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். புட்டியை அவர்களிடம் கொடுத்தோம். துவைகல்லின் பக்கத்தில் அந்த மண்சட்டி மட்டும் காய்ந்து கிடந்தது. கேட்டு வாங்கிவந்து தென்னையடியில் வைத்திருக்கிறோம். நாள்தோறும் காலையில் முதல் குவளை நீர் அதற்குத்தான்.