தராசும் உரைகல்லும்

பழைய வளையலை மாற்றப் பட்டறைக்குப் போனால், ஆசாரி தராசை மட்டும் நம்புவதில்லை. உரைகல்லில் ஒரு கோடு இழுக்கிறார், நிறம் பார்க்கிறார், மாற்று அறிகிறார். எடை எவ்வளவு என்று தராசு சொல்லும். எடை போட்ட பொருள் என்ன என்று கல் சொல்லும். இரண்டும் சேர்ந்த பிறகே விலை பேசுவார்.

நம் போதைப்பொருள் சட்டத்தைப் படிக்கும்போதெல்லாம், அந்த உரைகல் எங்கே போயிற்று என்று மனம் தேடுகிறது.

1985ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் இன்று தண்டனையைப் பெரும்பாலும் எடையே தீர்மானிக்கிறது. கஞ்சா என்றால் 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. ஹெராயினுக்கு அந்தக் கோடுகள் 5 கிராமிலும் 250 கிராமிலும் விழுகின்றன. வணிக அளவைத் தொட்டுவிட்டால் குறைந்தது 10 ஆண்டு கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் அபராதம். அதற்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை.

ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். ஆந்திர மலைப்பக்கத்திலிருந்து ரயிலில் கஞ்சா மூட்டை சுமந்து வருகிறான். கூலிக்குச் சுமக்கும் இவர்களைக் ‘குருவி’ என்கிறார்கள். மூட்டையைக் கட்டியவன் வேறு, காசு போட்டவன் வேறு. அந்த மூட்டையில் 19 கிலோ இருந்தால், அவன் வயது, வறுமை, இது முதல் குற்றமா என்பதையெல்லாம் பார்த்து நீதிபதி தண்டனையை அளக்கலாம். 21 கிலோ இருந்தால் எதையும் பார்க்க முடியாது. இரண்டு கிலோ கூடியதால் அந்தப் பையன் வேறு மனிதனாகிவிடவில்லை. ஆனால் அவன் வாழ்வில் பத்து ஆண்டுகள் போய்விடுகின்றன. நன்னடத்தைக்காக மற்றக் கைதிகளுக்குக் கிடைக்கும் தண்டனைக் கழிவைக்கூட 32ஏ பிரிவு மறுக்கிறது. மூட்டையின் சொந்தக்காரனோ மூட்டையைத் தொடுவதே இல்லை. தொடாதவனைத் தராசில் நிறுத்துவது எளிதல்ல.

பொருளின் மாற்றும் இங்கே பார்க்கப்படுவதில்லை. 2008இல் உச்ச நீதிமன்றம் மைக்கேல் ராஜ் வழக்கை விசாரித்தபோது, பிடிபட்ட 4 கிலோ சொச்சம் தூளில் உண்மையான ஹெராயின் சுமார் 60 கிராம்தான். அந்த 60 கிராமையே கணக்கில் கொள்ள வேண்டும் என்றது நீதிமன்றம். 2020இல் ஹீரா சிங் வழக்கில் மூவர் அமர்வு அதை மாற்றியது: கலப்படத்தோடு சேர்த்த மொத்த எடையே கணக்கு. தெருவில் விற்பதே கலப்படச் சரக்குதான், அதுதான் உயிரையும் குடிக்கிறது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சத் தண்டனையோடு அது சேரும்போது, கலந்த மாவுக்கும் சேர்த்து ஒருவன் சிறையிருக்க நேர்கிறது.

மறுபக்கத்தை நான் மறக்கவில்லை. பள்ளி வாசலில் பொட்டலம் விற்றவனால் பிள்ளையை இழந்த தாய்க்கு முன்னால் நின்று ‘இரக்கம் காட்டுங்கள்’ என்று சொல்ல நாக்கு எழாது. ஒரு நீதிபதி ஓராண்டும் இன்னொருவர் பத்தாண்டும் கொடுத்தால் சட்டத்தை யார் மதிப்பார்கள் என்ற கேள்வியும் உண்மையானது. எல்லாருக்கும் ஒரே கோடு போட்டால் சமத்துவம் வந்துவிடும் என்று நம்பித்தான் அந்தக் கோடு போடப்பட்டது. ஆனால் சுமந்தவனையும் சுமக்க வைத்தவனையும் ஒரே கோட்டில் நிறுத்துவது எப்படிச் சமத்துவமாகும்?

சட்டம் மனிதனைப் பார்க்கவே தெரியாததும் அல்ல. அதன் 32பி பிரிவு, ஆயுதம் ஏந்தினானா, சிறுவர்களைப் பயன்படுத்தினானா, அரசுப் பதவியில் இருந்தவனா என்றெல்லாம் பார்க்கச் சொல்கிறது. எதற்காக? தண்டனையை இன்னும் ஏற்றுவதற்காக. ஏறுவதற்கு ஏணி வைத்த சட்டம், இறங்குவதற்கு ஒரு படியும் வைக்கவில்லை.

வைத்திருக்க முடியும். 1947ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் குறைந்தபட்சத் தண்டனையைச் சொல்லிவிட்டு, சிறப்புக் காரணங்களை எழுத்தில் பதிந்து அதற்கும் கீழே போகலாம் என்று நீதிபதிக்கு வழிவிட்டிருந்தது. லஞ்சம் வாங்கிய அதிகாரிக்குத் திறந்திருந்த கதவு, மூட்டை சுமந்த கூலிக்காரனுக்கு ஏன் அடைபட வேண்டும்?

இந்தச் சட்டமும் தன் கடுமையைத் திரும்பிப் பார்த்த சட்டம்தான். தொடக்கத்தில் ஹெராயின் போன்றவற்றை விற்பவனுக்கு, அளவு எதுவானாலும் குறைந்தது பத்தாண்டு என்றிருந்தது. 2001இல்தான் அளவுக்கேற்ற படிகள் வந்தன. சில குற்றங்களை மீண்டும் செய்தால் மரணமே கட்டாயத் தண்டனை என்றிருந்ததை 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2014இல் நாடாளுமன்றம் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. அதனால் சட்டம் பலவீனப்பட்டுவிடவில்லை.

இன்னும் ஒரு படிதான் மீதி. குறைந்தபட்சம் இருக்கட்டும். காரணத்தை எழுதி அதற்குக் கீழே இறங்கும் உரிமையும் நீதிபதிக்கு இருக்கட்டும். எழுதிய காரணம் தவறென்றால் மேல் நீதிமன்றம் திருத்தும்.

பொட்டலத்தின் கனத்தைத் தராசு சொல்லிவிடும். அதைச் சுமந்தவனின் குற்றம் எவ்வளவு கனம் என்பதை, அவன் முகத்தைப் பார்த்து, அவன் கதையைக் கேட்ட ஒரு மனிதர்தான் சொல்ல முடியும். அந்த மனிதரைத்தான் நீதிபதி என்று உயரத்தில் உட்கார வைத்திருக்கிறோம். அவர் கையில் தராசைக் கொடுத்த நாம், உரைகல்லையும் கொடுத்தாக வேண்டும்.