வித்தா எவ்வளவு போகும்?

கையில் கொக்கி ஊசியும் நூலுமாக நாலு பேர் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில், "என்னம்மா பின்றீங்க?" என்பார்கள். அடுத்தது தவறாமல் வரும்: "இத வித்தா எவ்வளவு போகும்?" கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறினால் பாடாங் ஜாவா தாண்டுவதற்குள் எனக்கு வந்துவிடுகிற கேள்வி இது. கேட்பவர்கள் மேல் கோபமில்லை. அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். டியூஷன், முறுக்கு, கேக், ஆன்லைனில் புடவை என்று சம்பளத்துக்கு மேல் ஒரு வரும்படி தேடாத வீடு இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் குறைவு. அப்படியிருக்க, ஒருத்தி சும்மா பின்னிக்கொண்டிருந்தால் வருகிற காசை வேண்டாமென்கிறாள் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும்.

நான் பின்னுவது கிரானி ஸ்கொயர். குரோஷா பழகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிடச் சுலபமானது கிடையாது. 4 மில்லிமீட்டர் கொக்கி, மில்க் காட்டன் என்று கடையில் விற்கும் நூல் ஒரு உருண்டை, இரண்டும் போதும். நாலு சங்கிலி போட்டு வளையமாக இணைக்க வேண்டும். மூன்று சங்கிலி ஏற்றினால் அதையே முதல் தூணாகக் கணக்கு வைத்துக்கொண்டு, வளையத்துக்குள் இன்னும் இரண்டு தூண் போட்டால் ஒரு கொத்து. பிறகு இரண்டு சங்கிலி இடைவெளி, மறுபடி மூன்று தூண். நாலு கொத்தும் நாலு இடைவெளியும் ஆனதும் முதல் சுற்று முடிந்தது. பார்த்தால் வட்டமாகத்தான் இருக்கும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் ஒரு கொத்து, இரண்டு சங்கிலி, இன்னொரு கொத்து. இப்போதுதான் மூலைகள் விழுந்து சதுரம் தெரியும். மூன்றாவது சுற்றிலிருந்து மூலைக்கு இரண்டு கொத்து, பக்கத்து ஓட்டைகளுக்கு ஒவ்வொன்று. கட்டில் போர்வை அளவுக்கு வளர்ந்தாலும் இதற்கு மேல் விதி இல்லை. நான் தூண் என்று சொல்வதை இங்கிலாந்துப் புத்தகம் டிரெபிள் என்னும், அமெரிக்க வீடியோ டபுள் குரோஷே என்னும். அந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் ஜப்பானியப் புத்தகத்தைத் திறக்கலாம். எல்லாம் குறியீட்டுப் படம்தான், மொழியே தேவையில்லை.

பழகாத கைக்குச் சிரமம் எதிலென்றால், போட்ட தையலின் தலையைத் தேடி அதற்குள் ஊசியை நுழைப்பதில். இந்தச் சதுரத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஊசி போவது தையலுக்குள் அல்ல, கொத்துகளுக்கு நடுவே உள்ள ஓட்டைக்குள். கொஞ்சம் பழகிவிட்டால் விரலே அதைக் கண்டுபிடிக்கும். கண் ஜன்னலுக்கு வெளியே போகலாம். சதுரம் சின்னது என்பதால் கைப்பைக்குள் அடங்கும். கேஎல் சென்ட்ரலில் பாதியில் நிறுத்தினாலும் பாதகமில்லை.

"இந்த வெயிலுக்குப் போர்வை எதுக்கு?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குளிர்நாட்டு ஆட்கள் மிச்சக் கம்பளி நூலை வீணாக்காமல் துண்டு துண்டாகப் பின்னி இணைத்துக்கொண்ட சிக்கனத்துக்கு ஏற்ற வேலை இது. 1885லேயே 'பிரெய்ரி ஃபார்மர்' என்ற அமெரிக்க விவசாயப் பத்திரிகையில் இதன் செய்முறை அச்சாகியிருக்கிறது. நம் ஊரில் கம்பளி வேண்டாம், பருத்தி போதும். மெத்தை உறை, பை, மேசை விரிப்பு என்று எதுவாகவும் ஆகும். போர்வையே பின்னினாலும் உபயோகம் இருக்கிறது. கோலாலம்பூர் அலுவலகங்களில் ஏர்கான் போடுகிற போடில், வெளியே 33 டிகிரி இருக்கும்போது உள்ளே சால்வை போர்த்திக்கொண்டு தட்டச்சு செய்கிற பெண்களை எல்லா மாடியிலும் பார்க்கலாம்.

ஆனால் விற்பது வேறு. விலை சொன்ன மறுநாளே கை வேறு மாதிரி ஆகிவிடும். எந்த நிறம் ஓடும், எந்தச் சுற்றைக் குறைத்தால் நூல் மிச்சம், தீபாவளிக்குள் எத்தனை முடியும் என்றே புத்தி போகும். பிடித்த வேலை எதையும் காசாக்கியே தீர வேண்டும் என்பது நம் காலத்தின் கட்டளையாகிவிட்டது. மறுப்பவள் சோம்பேறி என்று பெயர் வாங்குகிறாள். ஒரு நாளில் கொஞ்ச நேரமாவது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியில்லாத வேலை ஒன்று மனிதருக்கு வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சியில் நான் மட்டும் இல்லை. சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்ற பெண்கள் குழு 2016 ஜனவரி 31 அன்று, பலர் வீட்டிலிருந்து பின்னி வந்த துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வையாக விரித்துக் கின்னஸில் ஏறியது. இரண்டரை ஏக்கருக்கும் மேல்! யாரும் கூலிக்குப் பின்னவில்லை. சாதனைப் புத்தகத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. ஆனாலும் சமையல், பிள்ளை, வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் அத்தனை பேர் அத்தனை மணி நேரத்தைக் காசு கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இதை இத்தோடு நிறுத்தினால் என் வாதம் சுகமாக முடிந்துவிடும். நரசாபூர் விடுவதில்லை.

ஆந்திராவின் கோதாவரிப் பக்கத்து ஊர் அது. 1844ல் வந்த மெக்ரே என்ற ஸ்காட்லாந்து மிஷனரித் தம்பதி அங்குள்ள பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்ததாக வரலாறு. பின்னால் அது பெரிய ஏற்றுமதித் தொழிலானது. ஜெர்மானிய சமூகவியலாளர் மரியா மீஸ் அங்கே தங்கி ஆராய்ந்து 1982ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் கண்டது இதுதான்: வீட்டுக்குள் உட்கார்ந்து நாள் முழுக்கப் பின்னிய பெண்களை யாரும் தொழிலாளி என்று எண்ணவில்லை. குடும்பப் பெண்கள் 'ஓய்வு நேரத்தில்' செய்கிற வேலை என்றார்கள். ஓய்வு நேர வேலைக்கு யார் சரியான கூலி கொடுப்பார்? லாபம் வியாபாரிகளுக்கும் ஏற்றுமதியாளர்களுக்கும் போனது.

நான் ஆசையாகச் சொல்கிற அதே ஓய்வுதான் அங்கே கூலியைத் தின்றிருக்கிறது. கணக்குக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்ல முடிவது, என் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருவதால். பின்னினால்தான் அடுப்பு எரியும் என்கிறவளிடம் 'விலை பேசாதே, கை கெட்டுவிடும்' என்று உபதேசம் செய்வதற்கு எனக்கு வாய் வராது. அவள் நிமிடத்துக்கு நிமிடம் கணக்குப் பார்க்க வேண்டும்.

பார்ப்போமே. நாலு சுற்றுச் சதுரத்தில் 12, 24, 36, 48 என்று மொத்தம் 120 தூண். ஒரு தூணுக்கு நாலு முறை நூலைக் கொக்கியில் சுற்றி இழுக்க வேண்டும். தேர்ந்த கைக்குக் கால் மணி நேரம் என்று வைத்தால், 24 சதுரம் வைத்த ஒரு மேல்சட்டைக்கு ஆறு மணி நேரம். சதுரங்களை இணைப்பதும், யாருக்கும் பிடிக்காத நூல் முனை மறைக்கும் வேலையும் தனி. மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. ஆக, சதுரங்களுக்கு மட்டுமே 52 வெள்ளிக்கு மேல் ஆகிறது, நூல் விலை சேர்க்காமல். மாலில் அதே மாதிரிச் சட்டை நாற்பது வெள்ளிக்குத் தொங்குகிறதே என்றால், அது இயந்திரம் பின்னியது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை. துணி நெய்யவும் ஸ்வெட்டர் பின்னவும் இயந்திரம் உண்டு; கடைக்குச் சரக்கு போடும் அளவுக்குக் குரோஷா பின்னும் இயந்திரம் இன்னும் வரவில்லை. அச்சடித்ததோ ஸ்வெட்டர்ப் பின்னலில் போலி செய்ததோ இல்லை, அசல் குரோஷாதான் என்றால், எங்கோ ஒரு பெண் கையால் போட்டதுதான் அத்தனை தூணும். நாற்பது வெள்ளியில் கடை வாடகை, கப்பல், இடைத்தரகர் எல்லாம் போக அவளுக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

ஒரு நாள் ரயிலில் எதிர் இருக்கைப் பெண்மணி, "எனக்கு ஒரு மெத்தை உறை போட்டுக் கொடும்மா, காசு தர்றேன்" என்றார். "காசு வேண்டாங்க ஆண்ட்டி, ஊசி வாங்கிட்டு வாங்க, சொல்லித் தர்றேன்" என்றேன். சிரித்துவிட்டு, "எனக்கு எங்கம்மா நேரம்?" என்றார். நேரம் இல்லாதவர் வாங்கத்தான் வேண்டும், அதில் தப்பில்லை.

ஆகவே கேட்பவர்களுக்கு என் பதில்: என்னுடையது விற்பனைக்கு இல்லை. ஆனால் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். தீபாவளிக்கு முன்னால் பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ஒரு கடையில் கையால் பின்னிய பையைப் பார்த்து, விலையைக் கேட்டு, "நூல்தானே, குறைச்சுக்கோங்க" என்று சொல்ல வாயெடுப்பதற்கு முன் ஒரு சதுரத்தையாவது பின்னிப் பார்த்துவிடுங்கள். ஊசியும் ஒரு உருண்டை நூலும் பத்து வெள்ளிக்குள் முடிந்துவிடும்.