அடைக்கலமும் ஊழும்

2023 நவம்பர் 25 மாலை. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் களமசேரி வளாகத்தில், பொறியியல் மாணவர்கள் நடத்திய விழாவின் இசை நிகழ்ச்சிக்குக் கூட்டம் திரண்டிருந்தது. அரங்கத்துக்குள் போகக் குறுகலான வழி. வாயிலைத் தாண்டியதும் கீழ்நோக்கி இறங்கும் படிகள். மழை பெய்யத் தொடங்கியது. வெளியே நின்றவர்கள் ஒதுங்க இடம் தேடி ஒரே நேரத்தில் உள்ளே முண்டியடித்தார்கள். முன்னால் போனவர்கள் படிகளில் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். 4 பேர் இறந்தார்கள்; அவர்களில் 3 பேர் அங்கேயே படித்துக்கொண்டிருந்தவர்கள். அன்றைக்குப் புயல் இல்லை, வெள்ளம் இல்லை, நிலநடுக்கம் இல்லை. கேரளத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒரு மழை, அவ்வளவுதான். வானிலை செய்தது அற்பம். மீதியெல்லாம் வாயிலும் படியும் கூட்டமும் செய்தவை.

இப்படி ஒரு சாவு நிகழ்ந்தால் நம் ஊர்களில் முதலில் வாயில் வருவது விதி. ‘போகிற வேளை வந்துவிட்டது’ என்போம், ‘கொடுத்து வைத்தது அவ்வளவுதான்’ என்போம். இந்தப் பேச்சை நான் இகழ மாட்டேன். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த தாய் மறுநாள் எழுந்து நடமாட ஏதோ ஒரு பிடிமானம் வேண்டும். அதைப் பறிக்க எந்தத் தத்துவத்துக்கும் உரிமை இல்லை. ஆனால் துணைவேந்தரோ பதிவாளரோ விடுதிக் காப்பாளரோ அதையே சொன்னால், தாய்க்கு ஆறுதலாக இருந்தது அவர்களுக்குச் சாக்காகிவிடுகிறது. ஊழ் உண்டா இல்லையா என்ற பழைய வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஊழை முழுமனதாக நம்புகிறவராக இருந்தாலும், தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவரின் சாவுக்கு அதைக் காரணம் காட்ட அவருக்கு உரிமை கிடையாது. நான் நிறுவ விரும்புவது இதைத்தான்.

தமிழில் ஊழைப் பேச வந்தவர் சிலப்பதிகாரத்தைத் தாண்டிப் போக முடியாது. ஊழ்வினை விடாது துரத்தும் என்பதைத் தான் காட்டப்போகும் மூன்று உண்மைகளில் ஒன்றாகப் பதிகத்திலேயே அறிவித்துவிட்ட காப்பியம் அது. கோவலன் ஏன் கொலையுண்டான் என்பதற்கு முற்பிறவிக் கதை ஒன்றையும் தருகிறது. மதுரையின் காவல் தெய்வமே கண்ணகியிடம் வந்து அந்தக் கதையைச் சொல்கிறது. ஆக, காப்பியத்தின் உலகில் அந்தச் சாவு ஊழால் வந்தது என்பதில் ஐயமே இல்லை. அப்படியானால் பாண்டியன் அதைச் சொல்லித் தப்பியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த கணத்தில் ஊழ் அவன் வாயில் வரவில்லை. பொற்கொல்லன் பேச்சை விசாரிக்காமல் நம்பியதைக்கூடக் கொல்லன் மேல் பழியாகத் தள்ளாமல், தன் குற்றமாகவே எடுத்துக்கொள்கிறான். கீழிருப்பவர் தரும் அறிக்கையை அப்படியே நம்பிக் கையெழுத்திடுகிற எந்த நிர்வாகியும் இந்த இடத்தில் சற்று நின்று படிக்க வேண்டும்.

பாண்டியனாவது தவறு செய்தவன். மாதரி என்ன செய்தாள்? கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைத்தார். அந்த இடைக்குலப் பெண் வீடு கொடுத்தாள், சமைக்கப் பொருள் கொடுத்தாள், தன் மகள் ஐயையைத் துணைக்கு விட்டாள். கோவலன் கொல்லப்பட்டது நகருக்குள், அவள் கைக்கு எட்டாத தொலைவில். ஆனாலும் தன்னை நம்பி விடப்பட்ட அடைக்கலத்தைக் காக்கத் தவறியதாகவே அவள் எண்ணினாள், தீயில் புகுந்தாள். அந்த முடிவு நமக்கு வழிகாட்டி அல்ல. யாரும் சாக வேண்டியதில்லை. நான் கவனிக்கச் சொல்வது, அந்த இருவரும் எடுத்துக்கொள்ளாத சாக்கை. சிலப்பதிகாரத்தில் ஊழ்க் கணக்கை விளக்குவது தெய்வம். காக்கும் பொறுப்பில் இருந்த அந்த இருவரும் அதைத் தொடவே இல்லை. திருக்குறளின் அமைப்பிலும் இதன் சாயலைக் காண்கிறேன். ஊழ் என்ற அதிகாரம் அறத்துப்பாலின் கடைசியில் நிற்கிறது. அதற்கடுத்துத் தொடங்கும் பொருட்பாலில், ஆள்பவனை நோக்கிய அரசியல் பகுதியில், ஊழையும் எதிர்த்து நிற்கும் முயற்சியைப் பேசும் ஆள்வினையுடைமை வருகிறது. மனிதனுக்கு ஊழைச் சொன்னவர் பொறுப்பாளனுக்கு முயற்சியைச் சொன்னார் என்பது என் வாசிப்பு.

பல்கலைக்கழக மாணவர் அடைக்கலமா என்று கேட்கலாம். பதினெட்டு வயது தாண்டியவர், வாக்குரிமை உள்ளவர், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள மாட்டாரா? மாட்டார் என்று நான் சொல்லவில்லை. இதில் முடியாது என்கிறேன். விடுதியின் மின்கம்பிகள் எந்த ஆண்டு போடப்பட்டவை, ஜெனரேட்டர் தரைமட்டத்தில் இருக்கிறதா மேடையில் இருக்கிறதா, ஆய்வகத்தில் எந்த வாயு எங்கே அடைபட்டிருக்கிறது, பின்வாசல் சாவி யாரிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. தருமபுரியிலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ பெட்டியோடு வந்து இறங்கும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கும், அவரை விட்டுவிட்டு ஊர் திரும்பும் பெற்றோருக்கும், நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை. தெரிந்துகொள்ள முடிந்தவரும் மாற்ற முடிந்தவரும் ஒரு பக்கம். இரண்டும் முடியாதவர் மறுபக்கம். வயது எதுவானாலும் அந்த இடைவெளி இருக்கும்வரை அது அடைக்கலம்தான். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தபோது, சத்துணவுக் கூடத்துக்கு மேலிருந்த கீற்றுக் கூரையை எந்தக் குழந்தையும் வேயவில்லை. அந்தத் தீயை முன்வைத்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றம், கல்வி பெறும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பள்ளிக்குச் சொன்ன அந்த நியாயம் கல்லூரி வாசலில் நின்றுவிட வேண்டிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பேரிடருக்குத் தெய்வக் காரணம் சொல்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு. அதை நம் மண்ணிலேயே ஒருவர் நல்லெண்ணத்தோடு செய்தார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அப்போது தீண்டாமை எதிர்ப்புப் பயணமாகத் தென்னிந்தியாவில் இருந்த காந்தி, சில நாள் கழித்துத் திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை அது என்றார். தாகூர் அதிர்ந்துபோய் மறுப்பு எழுதினார். காந்தி அதைத் தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியிட்டார். தீண்டாமை பாவம் என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. அறத்தின் கணக்கை இயற்கையின் கணக்கோடு சேர்த்து முடிச்சிடுவதைத்தான் தாகூர் எதிர்த்தார். அவர் பக்கமே சரி என்று நினைக்கிறேன். நிலம் பாவத்துக்காக நடுங்கியது என்று முடிவாகிவிட்டால், எந்தச் சுவர் ஏன் இடிந்தது, எது ஏன் நின்றது என்று யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். அடுத்த நடுக்கத்தில் அதே சுவர் மறுபடி விழும்.

போய்ப் பார்த்தவர்களின் கதை ஒடிசா. 1999 அக்டோபர் 29 அன்று கரையேறிய பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ 10,000 பேர் மாண்டார்கள். 2019 மே 3 அன்று ‘ஃபானி’ புயல் புரிக்கு அருகே கரையைக் கடந்தபோது 12 லட்சம் பேர் வரை முன்கூட்டியே இடம் மாற்றப்பட்டிருந்தார்கள். மாநிலத்தில் இறந்தவர் தொகை நூறைத் தொடவில்லை. இரண்டு புயல்களின் வேகமும் ஒன்றல்ல; 1999-இன் புயல் கடுமையானது. ஆனாலும் பத்தாயிரம் நூறுக்குள் அடங்கியதைக் காற்றின் வேகம் மட்டும் விளக்காது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் புயல் காப்பகங்கள் எழுந்தன, எச்சரிக்கை கடலோரக் கிராமம்வரை போய்ச் சேர்ந்தது, ஒத்திகைகள் நடந்தன. புரி ஜெகந்நாதர் மேல் மக்களுக்கு இருந்த பக்தி இதனால் ஒரு துளியும் குறையவில்லை. முன்னேற்பாடு செய்கிறவன் இறைவனை நம்பாதவன் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? மதநூல்களும் அப்படிச் சொல்லவில்லை. பைபிளின் உபாகமம், புது வீடு கட்டுகிறவர் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும் என்று கட்டளையிடுகிறது. சுவரின்றி ஒருவர் விழுந்து இறந்தால் இரத்தப் பழி அந்த வீட்டின் மேல். விழுந்தவரின் விதியை அந்த நூல் ஆராயவில்லை.

எல்லாம் சரி, எல்லாவற்றையும் தடுத்துவிட முடியுமா என்ற கேள்வி நியாயமானது. முடியாது. 2011 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா நகரைப் பெரும் சூறாவளி கிழித்துக்கொண்டு போனது. அலபாமா பல்கலைக்கழகத்தின் முக்கிய வளாகம் தப்பியது; ஆனால் வெளியே குடியிருந்த அதன் மாணவர்கள் 6 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. வந்தும் காக்க முடியாத உயிர்கள் உண்டு. ஊழுக்கு இடம் இருக்குமானால் அது இங்கேதான்: செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பிறகு எஞ்சுகிற அந்தச் சிறு பரப்பில். எது அந்தப் பரப்பில் விழும், எது விழாது என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது; ஆகவே முயற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு மிச்சத்தை விதிக்கு விடுவதற்கு, விதியை நம்புகிறவரிடம்கூட ஆதாரம் இல்லை. பொறுப்பு வளாகச் சுவரோடு முடிந்துவிடாது என்பதையும் அந்த 6 பேர் காட்டுகிறார்கள். நம் கல்லூரிகளைச் சுற்றி வாடகை அறைகளில் தங்கிப் படிக்கும் ஆயிரக்கணக்கானோர் எந்தப் பேரிடர்த் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறார்கள்?

அடிக்கடி எச்சரித்தால் அலட்சியம் வரும், தப்பான எச்சரிக்கை பீதியைக் கிளப்பும் என்பது நிர்வாகிகள் சொல்லும் அடுத்த தடை. இந்தத் தயக்கத்தின் விலையை உலகம் பார்த்துவிட்டது. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக விடுதியில் காலை 7.15 மணியளவில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அது தனிப்பட்ட தகராறு என்ற கணிப்பில் மாணவர்களுக்கு முதல் மின்னஞ்சல் 9.26-க்குத்தான் போனது. அடுத்த சில நிமிடங்களில் வகுப்பறைக் கட்டடம் ஒன்றில் மீண்டும் சூடு. அன்று கொல்லப்பட்டவர்கள் மொத்தம் 32 பேர். உண்மையில் எச்சரிக்கை என்பது குறிசொல்வது அல்ல, பலிக்காவிட்டால் பொய்யாகிவிட. கையில் இருக்கும் அரைகுறைத் தகவலை, அதனால் உயிர் போகக்கூடியவரோடு பகிர்ந்துகொள்வது அது. அலட்சியம் வருமென்ற அச்சம் உண்மையானால், எச்சரிக்கையின் படிகளை முன்பே கற்றுக்கொடுக்கலாம். வானிலைத் துறையின் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் என்ன வேறுபாடு என்று முதலாண்டு மாணவருக்கு விளக்க ஒரு வகுப்பு நேரம் போதும். தமிழ் தெரியாத மாணவருக்குப் புரியும் மொழியிலும், சைரன் கேட்காத காதுள்ளவருக்குத் தெரியும் விளக்கிலும் அது போக வேண்டும்.

எனக்கு மிகவும் கனமாகப் படும் மறுப்பு வேறு. பாதுகாப்பு என்ற பெயரில்தான் பெண்கள் விடுதிகள் மாலையிலேயே பூட்டப்படுகின்றன. காப்பதைப் பற்றி அதிகம் பேசினால் வளாகம் சிறையாகிவிடும் என்று மாணவிகள் அஞ்சுகிறார்கள். 2015-இல் டெல்லியில் ‘பிஞ்ச்ரா தோட்’ இயக்கம் எழுந்தது இதை எதிர்த்துத்தான். அந்த அச்சம் நியாயமானது. என் வாதத்துக்கு அது எதிரியும் அல்ல. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஓடிவிடாமல் இருக்க, தமக்கே தீங்கு செய்துகொள்ளாமல் இருக்க என்று காரணம் சொல்லி மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். தீப்பிடித்தது. 28 பேர் கட்டிய இடத்திலேயே வெந்து இறந்தார்கள். காவல் என்று சொல்லிப் போட்ட சங்கிலியே அவர்களைக் கொன்றது. இரவில் வெளியிலிருந்து பூட்டி, சாவியைக் காவலர் இடுப்பில் செருகிக்கொண்டு போகிற விடுதியும் அதே வகையைச் சேர்ந்தது. அங்கே காக்கப்படுவது மாணவியின் உயிர் அல்ல, நிர்வாகத்தின் பெயர். ஒருவரைக் காக்கிறோமா கட்டுப்படுத்துகிறோமா என்று தெரிந்துகொள்ள, ஆபத்து வரும்போது அவரால் தானாக வெளியேற முடியுமா என்று கேட்டால் போதும்.

கனமழை அறிவிப்பு வந்ததும் மாவட்ட ஆட்சியர் கல்லூரிகளுக்கு விடுமுறை விடுகிறார். அது வகுப்பறையைக் காலி செய்கிறது, விடுதியை அல்ல. ஊருக்குப் போக வழியில்லாத மாணவர்களும் அவர்களுக்குச் சமைக்கிறவர்களும் காவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் அன்றைக்கும் உள்ளேதான் இருக்கிறார்கள். குடிநீரும் விளக்கும் மருந்தும் மூன்று நாளைக்கு இருக்கிறதா, பட்டுப்போன கிளைகள் வெட்டப்பட்டனவா, உள்ளே எத்தனை பேர் என்ற பட்டியல் கையில் இருக்கிறதா என்பதெல்லாம் விடுமுறை ஆணையில் எழுதப்படுவதில்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. வளாகங்களின் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: அதற்கு முன் ஓர் இரவு, விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் விடுதியின் மேல்மாடியிலிருந்து வெளிவாசல்வரை நீங்களே நடந்து பாருங்கள். வழியில் எந்தக் கதவு உள்ளிருந்து திறக்கவில்லையோ, அதை மறுநாளே மாற்றுங்கள்.