சமைத்தவரும் உட்காரட்டும்



கொரிந்து நகரத் திருச்சபையில் ஒரு சாப்பாட்டுத் தகராறு வந்தது. பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 11-ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி அதைப் பற்றியதுதான். அன்றைக்குக் கோவில் கட்டடம் கிடையாது. வசதியுள்ள ஒருவர் வீட்டில் கூடுவார்கள். கொண்டுவந்த உணவைச் சேர்ந்து உண்பார்கள், அந்தப் பந்தியோடு சேர்த்தே ஆண்டவரின் அப்பத்தையும் பிட்டார்கள். அக்காலத்து உணவுக்கூடத்தில் மூன்று சாய்மஞ்சம் போட்டு ஒன்பது பேர் வரை சாய்ந்து உண்பது வழக்கம். வேலை நேரம் தங்கள் கையில் இல்லாத அடிமைகளும் கூலியாள்களும் பிந்தித்தான் வந்திருப்பார்கள். அதற்குள் முந்தி வந்தவர்கள் தங்கள் உணவைத் தாங்களே உண்டு முடித்துவிட்டார்கள். ஒருவர் பசியோடு நிற்க, இன்னொருவர் குடித்து மயங்கிக் கிடந்தார். அது ஆண்டவருடைய விருந்தே ஆகாது என்று பவுல் மறுத்துவிடுகிறார். இவ்வளவு கடுமையாகப் பேசியவர் சொல்லும் தீர்வு மிக எளியது. உண்பதற்குக் கூடி வரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொல்கிறார்.

நம் பெருங்களத்தூரில் காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு மறைமலைநகரில் ஷிப்ட். மகளுக்கு மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை. மருமகன் ஓ.எம்.ஆரிலிருந்து கம்பெனி வண்டியில் வந்து இறங்கும்போது இரவு பதினொன்று. பையனுக்கு டியூஷன். ஆளுக்கொரு நேரத்தில் ஹாட்பேக்கைத் திறந்து, ஆளுக்கொரு கைப்பேசியைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்துவிடுகிறோம். இதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பிழைப்பு அப்படி இருக்கிறது.

ஆனால் அந்த வீட்டிலும் ஒருவர் எல்லாருக்காகவும் காத்திருக்கிறார். ஒவ்வொருவர் வரும்போதும் எழுந்து சூடாகத் தோசை ஊற்றித் தருகிறார். கடைசியில் அடுப்படியிலேயே நின்றுகொண்டு, ஆறிப்போன ஒன்றரைத் தோசையைச் சட்னி வழித்த கிண்ணத்தில் தொட்டுச் சாப்பிடுகிறார். மீன்குழம்பு வைத்த நாளில் அவர் தட்டில் மீன் இருந்ததா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? “எனக்குப் பசியில்லை” என்று அவர் சொன்னதை எத்தனை வருடம் நம்பியிருக்கிறோம்? நாம் அதைத் தாயின் தியாகம் என்று புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கொரிந்தில் நடந்தது நம் அடுப்படியில் நடக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். விருந்தாளி வந்தால் இன்னும் மோசம். முதல் பந்தி ஆண்களுக்கு, அடுத்தது பிள்ளைகளுக்கு. காலை ஐந்து மணிக்கு மசாலா அரைத்தவர் மூன்று மணிக்கு உட்காருகிறார்.

நம் ஆண்டவர் உண்பதற்கு மட்டும் உட்கார்ந்தவரல்ல. யோவான் நற்செய்தியின் 21-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். உயிர்த்தெழுந்தவர் திபேரியக் கடற்கரையில் கரியடுப்பு மூட்டியிருக்கிறார். மேலே மீன் இருக்கிறது, பக்கத்தில் அப்பம் இருக்கிறது. இரவெல்லாம் வலை வீசி ஓய்ந்த நண்பர்களைச் சாப்பிட அழைத்து, தம் கையாலேயே எடுத்துக் கொடுக்கிறார். சாவை வென்றவர் முதல் நாள்களில் செய்த வேலைகளில் ஒன்று, நண்பர்களுக்குக் காலை உணவு ஆக்கியது! தம்மைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவோடு அவர் பேசியதும் அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். முதலில் பசியாற்றினார்.

இன்னொரு இடத்தில் அவர் சொன்னது நமக்கு உறுத்தும். விருந்து வைத்தால் நண்பர்களையும் உறவினரையும் செல்வந்தரான அண்டை வீட்டாரையும் அழைக்காமல், ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கச் சொல்கிறார். லூக்கா 14-இல் இருக்கிறது. அப்படியானால் சொந்தபந்தத்தோடு சாப்பிடுவது தவறா? பெத்தானியாவில் மார்த்தா, மரியா, லாசர் வீட்டில் அவரே உட்கார்ந்து உண்டார். பேதுருவின் மாமியார் கையால் பணிவிடை பெற்றார். அவர் வேண்டாம் என்றது திரும்பி வரும் என்ற கணக்கை.

நமக்கு ஓர் அழகான பழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் பதார்த்தம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம். ஒரு கைப்பிடிச் சர்க்கரையாவது போட்டுக் கொடுப்போம். ஆனால் அந்தச் சர்க்கரைக்கும் வழியில்லாதவர் என்ன செய்வார்? கணவரை இழந்து ஒற்றை அறையில் குடியிருக்கும் பெண், கிறிஸ்துமஸ் அன்று பலகாரத்தோடு நாம் கதவைத் தட்டினால் திறக்கத் தயங்குகிறார். பலகாரம் வேண்டாம் என்பதற்காக அல்ல, திருப்பித் தர முடியாதே என்ற கூச்சத்தால். அவரிடம், “பாத்திரத்தைக் கழுவி மட்டும் கொடுங்கள் அக்கா” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இலையில் மடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

கணக்குப் பார்க்காமல் கொடுப்பது நம்மால் முடியாததல்ல. 2015 டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மின்சாரம் இல்லை, பால் இல்லை. தண்ணீர் ஏறாத தெருக்களில் வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது. புளிசாதமும் தக்காளி சாதமும் உப்புமாவும் பொட்டலமாயின. யார் என்ன சாதி, கும்பிடும் சாமி எது என்று கேட்டுக்கொண்டா கொடுத்தோம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் அதே முடிச்சூர் மூழ்கியது, அதே போல் அடுப்புகள் எரிந்தன. வெள்ளம் வந்தால்தான் அந்த மனம் வரவேண்டும் என்றில்லை.

நம் தெருவில் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்குப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் தென்மாவட்டப் பேருந்துகள் நிரம்பிப் போகும் இரவில், அடுக்ககத்தின் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் பெரியவர் போக மாட்டார். வாடகை அறையில் ஆறு பேராய்த் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் பையன்கள் போக மாட்டார்கள். ஆனால் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் நம் அன்பியக் கூட்டத்தில் பஜ்ஜியும் காபியும் நமக்குள்ளேயே சுற்றிவருகின்றன. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் இவர்களில் ஒருவரைப் பெயர் கேட்டு அழைத்து வாருங்கள். விருந்து என்று பெரிதாக வேண்டாம். அன்று வீட்டில் வைத்த ரசமும் ஒரு பொரியலும் போதும்.

வெளியே அழைப்பதற்கு முன்னால் இன்று மதியம் வீட்டுக்குள் ஒன்று செய்யுங்கள். குறிப்பாக ஆண்களுக்கும் இளைஞர்களுக்கும் சொல்கிறேன். சோறு வடித்து முடிந்ததும் சமைத்தவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொள்ளுங்கள். அவரை உட்கார வையுங்கள். முதல் தட்டை அவருக்குப் போடுங்கள், நல்ல துண்டாகப் பார்த்து வையுங்கள். அவர் எழுந்திருக்கப் பார்ப்பார், விடாதீர்கள். அப்பளம் பொரிக்க வேண்டுமென்றால் நீங்கள் போய்ப் பொரியுங்கள்.