வாங்கிய பயம்

பயத்தைக் காசு கொடுத்து வாங்க முடியுமா என்று கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் வாங்குகிறார்கள், வரிசையில் நின்று. அபுதாபியின் யாஸ் தீவில் 2018 ஜூலையில் திறக்கப்பட்ட வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட் முழுக்க முழுக்கக் கூரைக்குள் அடங்கிய கேளிக்கைப் பூங்கா. அதில் ஒரு ரோலர் கோஸ்டருக்கு 'ஃபாஸ்ட் அண்ட் ஃபர்ரியஸ்' என்று பெயர். 1949ல் சக் ஜோன்ஸ் எடுத்த கார்ட்டூனின் பெயர் அது. ரோட் ரன்னர் என்ற பறவையை ஒரு பாலைவன ஓநாய் முதன்முதலாகத் துரத்தியது அந்தப் படத்தில்தான். துரத்தல் இன்னும் ஓயவில்லை.

அந்த ஓநாய் மலை விளிம்பைத் தாண்டி வெற்று வெளியில் ஓடும். கீழே பார்க்கும் வரை விழாது. பார்த்ததும் விழும். அடுத்த காட்சியில் மீண்டும் முழு உடம்போடு வந்து நிற்கும். சிறுவர்களுக்கான தமாஷ் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. இதில் ஒரு தத்துவ நிலைப்பாடு ஒளிந்திருக்கிறது. விழுவதற்குக் காரணம் பூமியின் ஈர்ப்பு அல்ல, ஈர்ப்பைப் பற்றிய பிரக்ஞை. அறியாதவனுக்கு ஆபத்தில்லை. அறிந்தவனுக்கும் மரணமில்லை. இரண்டுமே பொய்தான். ஆனால் இரண்டையும் சேர்த்து ஒரு நாற்காலியில் பொருத்தி விற்க முடியும் என்பதைக் கேளிக்கை வியாபாரம் கண்டுகொண்டிருக்கிறது.

கண்டுபிடிப்பு ஒன்றும் புதிதல்ல. 1884ல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்க்கஸ் தாம்ப்ஸன் ஐந்து சென்ட் கட்டணத்தில் ஓட்டிய சறுக்கு ரயிலின் வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர் அளவுதான். நம் ஊர்ப் பையன்கள் சைக்கிளில் அதைவிட வேகமாகப் போவார்கள். சில வருஷங்களில் அவரே வண்டியைச் சுரங்கங்களுக்குள் விட்டு, உள்ளே சித்திரக் காட்சிகளை வைத்தார். பயத்துக்கு ஒரு கதை வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் 1919ல் ஜான் மில்லர் என்பவர் தண்டவாளத்துக்கு அடியிலும் சக்கரம் பூட்டிக் காப்புரிமை வாங்கினார். வண்டி இனி மேலே கிளம்பிப் பறந்துவிடாது. எனக்கு முக்கியமாகப் படுவது இந்த அடிச் சக்கரம். அது வந்த பிறகே சரிவுகளைச் செங்குத்தாக்க முடிந்தது. அதாவது, பத்திரம் கூடியதால்தான் பயத்தைக் கூட்ட முடிந்தது.

பர்க் 1757ல் எழுதிய நூலில், பயங்கரம் மிக நெருங்கி வந்தால் வெறும் வேதனை, கொஞ்சம் விலகி நின்றால் ஒருவகை இன்பம் என்கிறார். கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்தது. அவர் சொல்லும் விலகல் புயலைக் கரையில் நின்று பார்ப்பவனுடையது. கோஸ்டரில் உட்கார்ந்தவனுக்குக் கரை கிடையாது. அவன் உடம்பே விழுகிறது, வயிறு புரளுகிறது, அலறல் நிஜமான அலறல். இருந்தும் அது இன்பமாக இருக்கிறது என்றால், அந்த விலகல் எங்கே இருக்கிறது?

இங்கே ஒருவர் சொன்னதைக் குறிப்பிட வேண்டும். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் ஏராளம். அவர்கள் அனுப்பும் பணத்தை வரவு வைப்பது என் தினசரி வேலைகளில் ஒன்று. அப்படிப் போய்ப் பல வருஷம் கட்டடங்களில் சாரம் கட்டியவர், ஒரு விடுமுறை நாளில் கூட்டாளிகளோடு அந்தப் பூங்காவுக்குப் போய் வந்திருக்கிறார். பயமாக இருந்ததா என்று டீக்கடையில் கேட்டேன். "அங்க என்ன சார் பயம்? கொக்கிய அவனே மாட்டுறான், அவனே கழட்டுறான். நமக்கு ஒரு வேலையும் இல்ல. சாரத்துல நாமதான மாட்டணும்" என்றார். பக்கத்து இருக்கைப் பையன் அலறியது மட்டும் தனக்குச் சிரிப்பாக இருந்தது என்றார்.

பர்க்கிடம் கிடைக்காதது எனக்கு இதில் கிடைத்தது. விலகல் கண்ணுக்கும் காட்சிக்கும் நடுவில் இல்லை, பயத்துக்கும் பொறுப்புக்கும் நடுவில் இருக்கிறது. கொக்கியை இன்னொருவன் மாட்டியதும் பயம் சும்மா கிடைக்கும் ஒரு உணர்ச்சியாகிவிடுகிறது. அதைக் கொண்டு செய்வதற்கு எதுவுமில்லை, ஆகவே ரசிக்கலாம். சாரத்தில் நிற்பவனுக்கு அந்த ஓநாயின் சலுகை கிடையாது. கீழே பார்க்காவிட்டாலும் அவன் விழுவான். அவனுக்குப் பயம் ஒரு கருவி, மட்டப்பலகை மாதிரி. ஒருவன் பயத்துக்குக் காசு கொடுக்கிறான், ஒருவன் பயத்துக்குக் கூலி வாங்குகிறான். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது மொழியின் சோம்பல்.

தொல்காப்பியர் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்கள் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், அரசன். நான்குமே எதிரில் நிற்கும் வேறொரு விருப்பம். உயரம் இந்தப் பட்டியலில் இல்லை. விழுவதில் எதிராளி கிடையாது என்பதால் இருக்கலாம். விராலிமலையில் 2019 ஜனவரியில் 1,353 காளைகளை அவிழ்த்துவிட்ட ஜல்லிக்கட்டில் மாடு முட்டி இருவர் இறந்தார்கள். அதைச் சாதனை என்று பதிவு செய்துகொண்டார்கள். அந்த விளையாட்டை நான் கொண்டாடவில்லை. இந்த மாவட்டத்தில் இப்படிச் சொல்வது சௌகரியமான காரியமுமல்ல. ஆனால் திமிலைப் பிடிப்பவனின் பயத்தைக் கேளிக்கை என்று சொல்ல என்னால் முடியாது. பிடி அவனுடையது. எதிரே நிற்பது எழுதி வைத்தபடி நடக்காத பிராணி. கேளிக்கை வாடிவாசலுக்கு இப்புறம், மாடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

நம் பத்திரிகைகளில் வரும் கவிதைகளைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டாக வேண்டும். மரணம், சூன்யம், அதல பாதாளம் எல்லாம் இருக்கின்றன. பல கவிதைகளில் அடிச் சக்கரத்தின் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. நான்காம் வரியில் சரிவு, எட்டாம் வரியில் வளைவு, கடைசியில் வண்டி புறப்பட்ட மேடையிலேயே வந்து நிற்கிறது. வாசகன் இறங்கித் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு போகிறான். பயம் நிஜமில்லை என்று நான் சொல்லவில்லை. எழுதியவன் அலறியிருக்கலாம். கொக்கியை மாட்டியது யார் என்பதே என் கேள்வி. காஃப்காவும் காம்யுவும் ஏற்கெனவே மாட்டிவிட்டுப் போன கொக்கி என்றால், நாம் செய்திருப்பது ஒரு சவாரி.

சித்தன்னவாசல் குன்றின் கீழ்ச்சரிவில் ஏழடிப்பட்டம் என்ற குகை இருக்கிறது. பாறையில் வெட்டிய சிறு படிக்குழிகளில் கால்வைத்துத்தான் அதற்குப் போயிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வெளி. உள்ளே பதினேழு கற்படுக்கைகள். ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. சமணத் துறவிகள் கடுந்தவம் இருந்த இடம். உணவை விட்டு உயிர் நீத்தவர்களும் உண்டு என்பார்கள். சாகவே துணிந்து போகிறவன் படியில் கவனமாகக் கால் வைப்பானா? வைத்திருப்பான் என்றே நினைக்கிறேன். விழுந்து சாவது அவன் தேர்ந்த சாவு அல்ல. இப்போது அங்கே இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் குழிகளை அதிகம் பார்ப்பதில்லை. கம்பி வெயிலில் சுடும், கைக்குட்டை கொண்டுபோவது நல்லது.